மாதிரித் துணியை மேசையிலேயே வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் மல்லேஸ்வரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். சிறுவர் பக்கத்தில் வருகிற ‘ஆறு வித்தியாசம்’ படத்தை அவருடைய பேரனால் போட முடியவில்லையாம். செல்போனைப் பார்த்துப் பார்த்தே இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கவனம் போய்விட்டது என்று வருத்தப்பட்டிருந்தார். ஒரு தாத்தாவின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் பழியைப் பிள்ளை மேல் போட்டது சரியில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பத்து வயது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சிறுவர் பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வாசற்படிக்கு வந்துவிடுவான். முன்பெல்லாம் ஆறையும் கண்டுபிடித்து, பேனாவால் வட்டம் போட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பான். ஒரு மாதமாக அவனாலும் முடியவில்லை. இரண்டு, மிஞ்சினால் மூன்று. அவன் அப்பாவும் அதே செல்போன் பேச்சைத்தான் பேசினார். பையன் முகம் சுண்டிப்போயிற்று.

நான் தாளை வாங்கிப் பார்த்தேன். பக்கத்தின் பாதியில் இப்போது ஒரு பெரிய விளம்பரம் வருகிறது. அதனால் முதல் படம் முன்பக்கத்திலும், இரண்டாவது படம் அதே தாளின் பின்பக்கத்திலும் போய்விட்டது. பையன் ஒவ்வொரு தடவையும் தாளைத் திருப்ப வேண்டும். திருப்புவதற்குள் பார்த்தது போய்விடுகிறது. நான் தெருமுனைக் கடைக்குப் போய் இன்னொரு பிரதி வாங்கி வந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தேன். ஆட்டுக்குட்டியின் வால், கிணற்று ராட்டினத்தில் கயிறு, பாட்டியின் மூக்குத்தி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனான். ஐந்து நிமிஷத்தில் ஆறும் வந்துவிட்டது. பையனும் அதே பையன்தான், செல்போன் பார்க்கிற கண்ணும் அதே கண்தான்.

இந்தச் சின்ன விஷயத்துக்கு நான் ஏன் இவ்வளவு வரிந்துகட்டுகிறேன் என்று கேட்கலாம். இதே மாதிரி ஒரு தாளைத் திருப்புகிற வேலையில்தான் என்னுடைய பெயர் கெட்டது.

இங்கே பெங்களூரு பீனியாவில் ஒரு கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் 26 வருஷம் வேலை பார்த்தேன். கடைசி 19 வருஷம் ஃபைனல் செக்கிங் டேபிளில். அந்த வேலை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். தைத்து முடித்த சட்டை பண்டிலாக வரும். ஒவ்வொன்றாக விரித்துப் போட வேண்டும். முதலில் காலர் நுனி இரண்டும் ஒரே அளவா என்று மடக்கிப் பார்ப்போம். அப்புறம் பட்டன் பட்டி, பாக்கெட், தோள், கை, அக்குள் தையல், பக்கத் தையல், கீழ் மடிப்பு. பட்டனை ஒரு இழு இழுத்துப் பார்ப்போம். பிறகு உள்பக்கம் திருப்பி நூல் தொங்குகிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சரியென்றால் வலப்பக்கம், இல்லையென்றால் ஸ்டிக்கர் ஒட்டி ஆல்டருக்கு, அதாவது திருத்தித் தைக்க, இடப்பக்கம். ஒரு சட்டைக்கு ஒரு நிமிஷம்கூடக் கிடையாது. தலைக்கு மேலே டியூப்லைட், எதிரே மணிக்கு எத்தனை பீஸ் என்று எழுதிய போர்டு.

இதில் எல்லாவற்றையும்விட நுணுக்கமானது ஷேட் பார்ப்பது. ஒரே நீலம் என்று ஆர்டர் கொடுத்தாலும், சாயத் தொட்டியில் ஒவ்வொரு முறை போடும்போதும் நிறம் ஒரு மயிரிழை மாறும். ஒரு தடவை சாயம் போட்ட துணி, அதாவது ஒரு லாட், கொஞ்சம் பச்சையடிக்கும், இன்னொன்று கொஞ்சம் கருப்படிக்கும். ஒரு லாட்டில் வெட்டிய உடம்புக்கு வேறு லாட்டில் வெட்டிய கையை வைத்துத் தைத்துவிட்டால், சட்டையை விரித்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிடும். கண் அங்கே போய் இடறும். 19 வருஷத்தில் அப்படி ஒரு சட்டையை நான் விட்டதாக யாரும் சொன்னதில்லை.

2011-இல் ஒரு பெரிய ஆர்டர் வந்தது. கருநீல முழுக்கைச் சட்டை. பையர், அதாவது சட்டையை வாங்குகிற கம்பெனிக்காரர், ஒப்புதல் கொடுத்துக் கையெழுத்துப் போட்ட சாம்பிள் சட்டை ஒன்று எப்போதும் எங்கள் டேபிளுக்கு நேர் மேலே ஹேங்கரில் தொங்கும். சந்தேகம் வந்தால் கையை நீட்டி, இழுத்து, சட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அந்த மாதம் வேறொரு லைனில் சாம்பிள் ஒன்று காணாமல் போய்விட்டது. உடனே ஃப்ளோர் இன்சார்ஜ் எல்லா லைன் சாம்பிளையும் எடுத்துக்கொண்டு போய், தரம் பார்க்கிற க்யூ.சி. அறை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். காலையில் வேலை தொடங்கும்போது ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரலாம். நடுவில் போகவேண்டுமென்றால் சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும். போனால் பீஸ் எண்ணிக்கை குறையும், குறைந்தால் பேச்சு கேட்க வேண்டும். நான் ஒரு கட் பீஸ் எடுத்து டேபிள் ஓரத்தில் குண்டூசியால் குத்தி வைத்திருந்தேன். கம்பெனித் துணியை எடுத்து வைக்கக் கூடாது என்று அதையும் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

மூன்றாவது வாரம் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர்கள் பெட்டியைப் பிரித்தார்கள். ஒரு முழு லாட் சட்டை நிறம் மாறியிருந்தது. ஆயிரத்துக்கும் மேலே. கையும் உடம்பும் காலரும் ஒரே மாதிரி, ஆனால் சட்டை மொத்தமும் சாம்பிளைவிடக் கருப்படித்திருந்தது. அதில் பெரும்பகுதி என் ஸ்டிக்கர் நம்பரோடு போயிருந்தது.

எல்லா லைனும் பார்த்துக்கொண்டிருக்க என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். சாம்பிளையும் அந்தச் சட்டையையும் ஒன்றாகச் சேர்த்து என் முகத்துக்கு நேரே பிடித்து, “நினகே கண்ணு காணல்வா?” என்று கேட்டார் இன்சார்ஜ். உனக்குக் கண் தெரியவில்லையா என்று. பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோது குழந்தைக்குக்கூடத் தெரிகிற வித்தியாசம். எனக்குப் பேச்சே வரவில்லை. அவர்கள் சேர்த்துப் பிடித்தது மாதிரி நான் அந்த மூன்று வாரத்தில் ஒரு தடவைகூடச் சேர்த்துப் பார்க்கவில்லை என்பது அப்போது என் புத்திக்கு எட்டவே இல்லை. தூங்கிவிட்டேனோ, அந்த நாளில் வீட்டு யோசனையில் இருந்துவிட்டேனோ என்றுதான் நினைத்தேன். இன்சென்டிவ் போயிற்று. மூன்று மாதம் நூல் வெட்டுகிற வேலைக்கு இறக்கினார்கள். என்னிடம் வேலை கற்றுக்கொண்ட பெண் என் டேபிளில் நின்றாள். கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று சொந்தக் காசில் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் நிறம் பார்க்கிற புள்ளிப் புத்தகமெல்லாம் காட்டிச் சோதித்துவிட்டு, கண் நன்றாக இருக்கிறதம்மா, கிட்டப் பார்வைக்கு மட்டும் ஒரு கண்ணாடி போதும் என்று அனுப்பிவிட்டார். அப்படியானால் குறை என் புத்தியில்தான் என்று முடிவு கட்டிக்கொண்டேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் தம்பி மகள் இங்கே ஒரு கல்லூரியில் மனோதத்துவம் முதுகலை படிக்கிறாள். போன தீபாவளிக்கு வந்திருந்தபோது லேப்டாப்பில் ஒரு படத்தைக் காட்டினாள். விமானம் ஒன்று நிற்கிறது, ஆட்கள் வரிசையாக ஏறுகிறார்கள். படம் வரும், ஒரு நொடிக்கும் குறைவாகத் திரை வெறுமையாகும், மறுபடி படம் வரும். “ரெண்டு படத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு, சொல்லுங்க அத்தே” என்றாள். செக்கர் இல்லையா, நானும் விடாமல் பார்த்தேன். ஆட்களை எண்ணினேன், தொப்பியைப் பார்த்தேன், படிக்கட்டைப் பார்த்தேன். ஒரு நிமிஷத்துக்கு மேலே ஆயிற்று. கடைசியில் அவளே கையை வைத்துக் காட்டினாள். இறக்கைக்குக் கீழே இருக்கிற இன்ஜினே ஒரு படத்தில் இல்லை. அத்தனை பெரிய இன்ஜின். அப்புறம் நடுவில் வருகிற அந்த வெறுந்திரையை எடுத்துவிட்டுக் காட்டினாள். இன்ஜின் மறைவதும் வருவதும் பளிச்சென்று கண்ணில் அறைகிறது.

ரொனால்ட் ரென்சிங்க், கெவின் ஓ’ரீகன், ஜேம்ஸ் கிளார்க் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் 1997-இல் இந்தச் சோதனையைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். நடுவில் வருகிற வெறுந்திரை 80 மில்லி செகண்ட்தான், அதாவது ஒரு நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஏதாவது அசைந்தால் கண் தானாக அந்த இடத்துக்கு ஓடிவிடும். அதைத்தான் நாம் கவனம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். வெறுந்திரை வந்தால் மொத்தப் படமும் அணைந்து எரிகிற மாதிரி ஆகிவிடுகிறது, எந்த இடம் அசைந்தது என்கிற துப்பு கிடைப்பதில்லை. அப்புறம் ஞாபகத்தை வைத்துத்தான் தேடியாக வேண்டும். அந்த ஞாபகம் நாம் நம்புகிற அளவுக்குப் பெரியது இல்லை.

எவ்வளவுதான் பெரியது என்று கேட்டேன். “உங்க பட்டன் டப்பாவை எடுத்துட்டு வாங்க” என்றாள். ஃபேக்டரியிலிருந்து வந்த பிறகு வீட்டில் தையல் போடுகிறேன், பட்டன் டப்பா எப்போதும் இருக்கும். ஒரு ஸ்டீல் தட்டில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று பட்டன் வைத்தாள். ஒரு கணம் பார்க்கவிட்டு, துண்டால் மூடினாள். துண்டுக்குள் கையை விட்டு ஒன்றை மாற்றிவிட்டுத் திறந்தாள். உடனே சொன்னேன். நான்கு வைத்தாள். யோசித்துச் சொன்னேன், சரியாக இருந்தது. ஆறு வைத்தாள். கத்தரிப்பூ நிறம் இருந்த இடத்தில் ஆரஞ்சை வைத்திருக்கிறாள், எதுவும் மாறவில்லை என்று நான் அடித்துச் சொல்கிறேன். எட்டு வைத்தபோது வெறும் குத்துமதிப்புதான். 19 வருஷம் நிறம் பார்த்த கண் இது. தம்பியையும் உட்கார வைத்தோம். அவனுக்கும் நான்குக்கு மேல் தட்டுத் தடுமாற்றம்தான்.

1997-இலேயே ஸ்டீவன் லக், எட்வர்ட் வோகல் என்ற இருவர் நிறச் சதுரங்களை வைத்து இதே சோதனையைச் செய்திருக்கிறார்கள். மூன்று வரைக்கும் கிட்டத்தட்ட யாரும் தவறுவதில்லை. நான்கிலிருந்து சறுக்கத் தொடங்குகிறது, பன்னிரண்டு வரை போகப் போகச் சறுக்கல் கூடுகிறது. சோதனைக்கு வந்தவர்கள் நன்றாகப் படித்த, நல்ல கண்ணுள்ள இளைஞர்கள். நான் எண்ணிப் பார்த்தேன். ஒரு சட்டையில் நான் பார்த்தது காலர், பட்டி, பாக்கெட், தோள், கை, மடிப்பு என்று எத்தனை. அதோடு காலையில் பார்த்துவிட்டு வந்த நிறத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும்.

சரி, பார்த்தது எத்தனை நேரம்தான் உள்ளே இருக்கும்? இதைப் பற்றி அவள் சொன்னதுதான் என்னை உலுக்கியது. முதலில் 1960-இல் ஜார்ஜ் ஸ்பெர்லிங் என்பவர் செய்த வேலையைச் சொன்னாள். மூன்று வரிசையில் பன்னிரண்டு எழுத்துகளை ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டுவார். என்னென்ன பார்த்தீர்கள் என்றால் நான்கு, ஐந்துதான் சொல்வார்கள். ஆனால் படம் மறைந்த அந்த நிமிஷமே ஒரு மணியோசையால் “மேல் வரிசை மட்டும் சொல்லுங்கள்” என்று குறிப்புக் கொடுத்தால், எந்த வரிசையைக் கேட்டாலும் பெரும்பாலும் சொல்லிவிடுகிறார்கள். அப்படியென்றால் முழுப் படமும் ஒரு கணம் உள்ளே இருந்திருக்கிறது. மணியோசையை ஒரு நொடி தள்ளிக் கொடுத்தால் அந்தப் பலன் போய்விடுகிறது. சுடச்சுடப் போட்ட கோலத்தில் மழை விழுந்த மாதிரி என்று எனக்குத் தோன்றியது. மிஞ்சுவது நாம் அள்ளிக்கொண்ட நாலைந்து புள்ளிதான்.

அந்த அள்ளிக்கொண்ட நாலைந்தாவது நிலைக்குமா? 2009-இல் வெய்வெய் ஜாங் என்பவரும் அதே லக்கும் இதைப் பார்த்திருக்கிறார்கள். சில நிறங்களைக் காட்டிவிட்டு, ஒரு நொடி, நான்கு நொடி, பத்து நொடி கழித்து, நீங்கள் பார்த்த நிறம் இந்த நிறச் சக்கரத்தில் எங்கே இருக்கிறது, தொட்டுக் காட்டுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நான்கு நொடி வரைக்கும் அவ்வளவாகக் குறையவில்லை. நான்குக்கும் பத்துக்கும் நடுவில் சில ஞாபகங்கள் அப்படியே அறுந்து போகின்றன. துவைக்கத் துவைக்க வெளுக்கிற துணி மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக மங்குவதைவிட, பட்டன் நூல் பட்டென்று அறுந்து விழுகிற மாதிரி.

பத்து நொடி! க்யூ.சி. அறை அலமாரியிலிருந்து என் டேபிளுக்கு நாற்பது தப்படி. வழியில் அயர்ன் டேபிள், நீராவி, வெள்ளைச் சட்டை அடுக்கியிருக்கிற ட்ராலி, குறுக்கே வருகிற ஹெல்பர் பெண்கள். அந்த நாற்பது தப்படியைத் தாண்டி அந்த மயிரிழை வித்தியாசத்தை யாராலும் கண்ணுக்குள் வைத்துக்கொண்டு வர முடியாது. ‘கருநீலம்’ என்கிற பெயரைத்தான் கொண்டு வரலாம். வந்த சட்டையும் கருநீலம்தானே! பெயருக்குள் இரண்டும் அடங்கிவிட்டன. அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கை மாறிய சட்டையை நான் ஏன் எப்போதும் பிடித்தேன், மொத்தமும் மாறிய சட்டையை ஏன் விட்டேன் என்பது முதல் முறையாகப் புரிந்தது. முதல் சட்டையில் இரண்டு நிறமும் கண் முன்னாலேயே ஒட்டிக்கொண்டு கிடந்தன. இரண்டாவதில் ஒரு நிறம் பூட்டின அலமாரிக்குள் கிடந்தது.

இன்னொன்றும் தோன்றுகிறது. இது என் அனுபவத்திலிருந்து சொல்வது. சாம்பிள் கண்ணில் படாவிட்டால், அதற்கு முந்தின சட்டையே சாம்பிளாகிவிடுகிறது. முந்தினதும் இதுவும் ஒன்றா, ஒன்று, அடுத்தது. லாட் மாறுகிற இடத்தில் ஒரு டீ நேரமோ சாப்பாட்டு நேரமோ வந்துவிட்டால் போதும், அந்த ஓட்டமும் அறுந்துவிடும். திரும்பி வந்து உட்காரும்போது மேலே இருக்கிற சட்டை என்ன நிறமோ அதுதான் சரியான நிறம் என்று கண் எடுத்துக்கொள்ளும். அந்த நாளில் லாட் மாறியது சாப்பாட்டு நேரத்தில்தான் என்று பின்னால் கட்டிங் பெண் ஒருத்தி சொன்னாள்.

தம்பி மகள் சொன்னதில் இன்னொன்றையும் எழுதாமல் விட முடியவில்லை. 1998-இல் டேனியல் சைமன்ஸ், டேனியல் லெவின் இருவரும் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். ஒருவர் கையில் வரைபடத்தோடு நடந்து போகிறவரை நிறுத்தி வழி கேட்பார். பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு பேர் ஒரு பெரிய கதவைத் தூக்கிக்கொண்டு நடுவில் புகுந்து போவார்கள். அந்த மறைவில் வழி கேட்டவர் மாறிவிடுவார். கதவு போனதும் வேறு ஆள் நிற்பார். உயரம் வேறு, குரல் வேறு. பதினைந்து பேரில் எட்டுப் பேர் ஆள் மாறியதை அறியாமல் வழி சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஆள் மாறியதைக் கண்டுபிடித்தவர்கள் வழி கேட்டவரின் வயதை ஒத்த மாணவர்கள். அடுத்த முறை, அதே ஆட்கள் கட்டட வேலைக்காரர் உடையில் வந்து மாணவர்களிடமே வழி கேட்டார்கள். பன்னிரண்டு பேரில் நான்கு பேர்தான் ஆள் மாறியதைக் கவனித்தார்கள். மற்றவர்கள் பார்த்தது ஆளை இல்லை, அந்த உடையை.

இதைக் கேட்டதும் எனக்கு வயிறு கலங்கியது. ஃபேக்டரியில் எங்கள் எல்லோருக்கும் ஒரே ஏப்ரன், ஒரே தலைத்துணி. ஒரு பெண் செய்த தப்புக்கு இன்னொருத்தியைக் கூப்பிட்டுத் திட்டுவது வாரம் ஒரு முறையாவது நடக்கும். “நான் இல்ல சார்” என்றால் எதிர்த்துப் பேசுகிறாள் என்பார்கள். அவர்கள் வேண்டுமென்றே செய்தார்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அவர்களுடைய கண்ணும் என்னுடைய கண்ணைப் போன்றதுதான். ஏப்ரனைப் பார்த்தார்கள், ‘டெய்லர்’ என்று ஒரு பெயரை எடுத்துக்கொண்டார்கள், முகம் உள்ளே போகவே இல்லை. கண் விட்டதற்கு அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். “நான் இல்லை” என்று அவள் சொன்ன பிறகும் ஒரு நிமிஷம் நின்று முகத்தைப் பார்க்காததற்குச் சொல்வேன்.

வீட்டில் நான் மாற்றிக்கொண்ட ஒரு பழக்கத்தையும் எழுதுகிறேன், யாருக்காவது உதவும். என் மாமியாருக்கு 84 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். மருந்துக் கடையில் ஒரே மருந்தை வேறு வேறு கம்பெனி அட்டையில் கொடுப்பார்கள், சில சமயம் மில்லிகிராமும் மாறிவிடும். முன்பு, “எப்பவும் வாங்கறதுதான்” என்று சொல்லி வாங்கி வந்துவிடுவேன். இப்போது தீர்ந்த அட்டையைத் தூக்கிப் போடுவதில்லை. கடைக்கு எடுத்துக்கொண்டு போய், கவுன்டரிலேயே பழையதையும் புதியதையும் ஒட்டி வைத்து, பெயரையும் எண்ணையும் எழுத்து எழுத்தாகப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்கிறேன். பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். பரவாயில்லை.

ஐயா, உங்களிடம் நான் கேட்பது இரண்டு விஷயம்.

முதலாவது, தயவுசெய்து அந்த இரண்டு படங்களையும் பழையபடி ஒரே பக்கத்தில், பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். விளம்பரம் வேண்டும் என்பது எனக்கும் தெரியும். விளம்பரத்தைப் பின்பக்கம் போட்டால் அதற்கு ஒரு குறையும் வராது, அதை யாரும் எதோடும் ஒப்பிட்டுப் பார்க்கப் போவதில்லை. பக்கத்தில் இருந்தாலும் பிள்ளைகளுக்கு அது சுலபமான வேலை இல்லை. கண் ஒரு படத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது ஒன்றோ இரண்டோதான் கூடவே எடுத்துக்கொண்டு போக முடியும். திரும்பி வந்து அடுத்ததை எடுக்க வேண்டும். அந்தப் பிள்ளை ஐந்து நிமிஷம் அப்படிப் போய்ப் போய் வருவதே பெரிய உழைப்பு. மல்லேஸ்வரம் ஐயா தன் பேரனுக்கும் இரண்டு பிரதி வாங்கி விரித்து வைத்துப் பார்க்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது, இந்தக் கடிதத்தைச் சுருக்கினாலும் இந்தப் பகுதியை விட்டுவிடாதீர்கள். பீனியாவிலும் பொம்மனஹள்ளியிலும் மைசூர் ரோட்டிலும் கார்மென்ட்ஸில் சூப்பர்வைசராக, இன்சார்ஜாக இருக்கிற தமிழர்கள் எத்தனையோ பேர் டீக்கடையில் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன். சாம்பிள் தொலைந்துவிடும் என்று பயமாக இருந்தால் சங்கிலி போட்டு டேபிளோடு கட்டுங்கள். முழுச் சட்டை கொடுக்க முடியாவிட்டால், ஒப்புதல் ஆன துணியில் உள்ளங்கை அகலம் ஒரு துண்டு வெட்டி, பின்னால் தேதியும் கையெழுத்தும் போட்டு, செக்கர் கைக்கு எட்டுகிற இடத்தில் குத்தி வையுங்கள். அழுக்கானால் வாரம் ஒரு முறை மாற்றுங்கள். லாட் மாறும்போது முதல் சட்டையை அந்தத் துண்டின் மேலே வைத்துப் பார்க்க ஐந்து நொடி கொடுங்கள். சாப்பாடு முடிந்து வந்த முதல் சட்டைக்கும் அதே ஐந்து நொடி. அன்றைக்கு என் டேபிளில் அது இருந்திருந்தால் அந்த லாட்டின் முதல் சட்டையிலேயே நின்றிருக்கும். பெட்டி கட்டியிருக்க மாட்டார்கள். நான் நூல் வெட்டப் போயிருக்க மாட்டேன்.

செக்கிங்கில் நிற்கிற தங்கச்சிகளுக்கும் ஒரு வார்த்தை. பார்த்தது நினைவில் இல்லை என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். “சாம்பிள் கொண்டு வாங்க, பக்கத்தில வெச்சுப் பாக்கணும்” என்று சத்தமாகக் கேளுங்கள். கேட்டதற்காக யாராவது திட்டினால், அந்தத் திட்டை வாங்கிக்கொள்ளுங்கள். ஆயிரம் சட்டை போன பிறகு வாங்குகிற திட்டைவிட அது சின்னது.

மூன்று மாதம் கழித்து என்னைத் திரும்பவும் டேபிளுக்குக் கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை, ஒவ்வொரு ஆர்டருக்கும் சாம்பிளிலிருந்து உதிர்கிற நூலை எடுத்து, என் ஏப்ரன் பாக்கெட்டின் உள்மடிப்பில் சுற்றி வைத்துக்கொள்வேன். நூலைத் தடைசெய்ய யாருக்கும் தோன்றவில்லை. சந்தேகம் வந்தால் அந்த நூலை எடுத்துச் சட்டையின் மேலே நீளமாகக் கிடத்திப் பார்ப்பேன். நிறம் ஒன்றாக இருந்தால் நூல் துணிக்குள் மறைந்துவிடும். வேறாக இருந்தால் தனியாகக் கோடு போட்ட மாதிரி தெரியும். இது ஏன் வேலை செய்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. அந்தக் கருநீல நூல் இப்போதும் என் பட்டன் டப்பாவில் ஒரு அட்டையில் சுற்றிக் கிடக்கிறது.

என் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். என் அக்கா மகள் இன்னும் அதே ஃபேக்டரியில்தான் வேலை பார்க்கிறாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பையன் வந்ததும் சிறுவர் பக்கத்தைத்தான் முதலில் பிரிப்போம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செக்கர் ஒருவர்,
ஸ்ரீராமபுரம், பெங்களூரு.